கக்கூசை முதல் நாளே இடிக்காதீங்க!

வீட்டில் ஆள் குடியிருக்கும்போதே, இருக்கிற ஒரே கக்கூசை முதல் நாளே இடித்துப்போடும் மேஸ்திரிகளை என்ன சொல்வது? கும்பகோணம், மன்னார்குடி பக்கமெல்லாம் இதே வழக்கம்தான். இடித்த இடத்தில் புதுசு கட்டினால், சிமெண்டுப் பூச்சு இறுக 7 நாளாவது தண்ணீர் அடிக்க வேண்டும். வாட்டர்புரூஃப் பூசியபின் தண்ணீர் தேக்கி 48 மணி நேரம் கசிவு பார்க்க வேண்டும். அப்புறம்தான் டைல்ஸ். வயசானவர்கள் அதுவரை எங்கே போவார்கள்? கொல்லையில் புதுசைக் கட்டி, தண்ணீர் ஊற்றி ஓட்டம் பார்த்த பிறகல்லவா பழசில் சம்மட்டி விழணும்!

அதிலும் செப்டிக் டேங்க் குழியைச் சித்திரையில் வெட்டாமல் ஐப்பசிவரை இழுப்பது கொடுமை. வாய்க்கால் தண்ணீரும் மழையும் சேர்ந்தால் ஊற்று மேலே ஏறிவிடும். களிமண் கரை சரியும், மோட்டார் வைத்து இறைத்தாலும் அடித்தளக் காங்கிரீட்டில் சிமெண்டுப்பால் கரைந்து போய்விடும்.