900 வோல்ட் என்று அச்சடித்தால் போதுமா?

எலக்ட்ரோஸ்டாட்டிக் ஹெட்போனுக்குச் சொந்தமாக ஆம்ப் (ஆம்ப்ளிஃபையர்) கட்டுகிறேன் என்று சொன்னால், "ஷாக் அடிக்காதா?" என்றுதான் எல்லோரும் கேட்கிறார்கள். அடிக்கும். அதற்கு ஜாக்கிரதை இருக்கிறது. ஒரு கையைப் பாக்கெட்டில் வைத்துக்கொண்டு அளக்கப் பழகிவிட்டால் சமாளித்துவிடலாம். சமாளிக்கவே முடியாத ஜென்மங்கள் போலி டிரான்சிஸ்டர் விற்பவர்கள்தான். இந்தப் பதிவு அவர்களைத் திட்டுவதற்காக மட்டுமே.

விஷயம் தெரியாதவர்களுக்குச் சுருக்கமாக. சாதாரண ஹெட்போனில் காந்தமும் கம்பிச்சுருளும் இருக்கும். இதில் இரண்டும் கிடையாது. ஒன்றிரண்டு மைக்ரான் தடிமனில் ஒரு பிளாஸ்டிக் படலம், அதன் இருபுறமும் ஓட்டை போட்ட உலோகத் தகடுகள், அவ்வளவுதான். படலத்துக்கு 580 வோல்ட் பயாஸ், அதாவது மாறாமல் நிலையாக நிற்கும் வோல்டேஜ், கொடுக்க வேண்டும். இது ஸ்டாக்ஸ் என்ற கம்பெனியின் இன்றைய ஹெட்போன் கணக்கு. பழைய ஸ்டாக்ஸ் என்றால் 230, காஸ் (Koss) கம்பெனி என்றால் 600. பிறகு அந்த இரண்டு தகடுகளையும் ஆம்ப் நூற்றுக்கணக்கான வோல்ட்டில் எதிரெதிராக ஆட்ட வேண்டும். அப்போதுதான் படலம் அசையும், பாட்டு கேட்கும். ஜப்பானில் ஸ்டாக்ஸ் கம்பெனி 1960இல் எஸ்ஆர்-1 என்று முதல் மாடலை விற்பனைக்குக் கொண்டுவந்த நாளிலிருந்து அடிப்படை இதேதான். ஒரு முறை நல்ல ரெக்கார்டிங்கில் வீணையையோ தம்புராவையோ இதில் கேட்டுவிட்டால் வேறு ஹெட்போனைத் தலையில் மாட்ட மனசு வராது. அதனால்தான் இத்தனை அவஸ்தையும்.

ஆம்ப் சர்க்யூட்டுக்குப் பஞ்சமில்லை. கெவின் கில்மோர் என்ற அமெரிக்கர் ஊர் உலகத்துக்கே இலவசமாக வரைந்து கொடுத்திருக்கிறார். கேஜிஎஸ்எஸ், கேஜிஎஸ்எஸ்ஹெச்வி, ப்ளூ ஹவாய் என்று வரிசையாக. புண்ணியவான். இவற்றில் பவர் சப்ளை ப்ளஸ் 400, மைனஸ் 400 வோல்ட் என்ற அளவில் ஓடும். அதாவது சிக்னல் ஒரு பக்கம் முழுதாகச் சாயும்போது மறு பக்கத்து டிரான்சிஸ்டர் கிட்டத்தட்ட 800 வோல்ட்டைத் தனியாளாகத் தாங்க வேண்டும். கரன்ட் என்னவோ மில்லியாம்பியர் கணக்குதான். தாங்க வேண்டிய வோல்டேஜ்தான் அசுரத்தனம்.

இந்த வேலைக்கென்றே பிறந்ததுபோல ஒரு பார்ட் இருந்தது. சான்யோவின் 2எஸ்ஏ1968. பிஎன்பி ரக டிரான்சிஸ்டர் (என்பிஎன் ரகத்துக்கு நேரெதிர்த் துருவம்), 900 வோல்ட், 10 மில்லியாம்பியர். என்பிஎன்னில் பெரிய வோல்டேஜ் தேடினால் இன்றும் ஏதாவது கிடைக்கும். பிஎன்பியில் 900 வோல்ட் என்றால் விரல் விட்டு எண்ணிவிடலாம். இப்படிப்பட்ட குட்டி ஹை வோல்டேஜ் டிரான்சிஸ்டர்களுக்குச் சோறு போட்டது நம்மைப்போன்ற பாட்டுப் பைத்தியங்கள் இல்லை, பிக்சர் ட்யூப் வைத்த டிவியும் மானிட்டரும்தான். எல்சிடி வந்தது, பிக்சர் ட்யூப் போனது, பார்ட்டும் போனது. 2011இல் சான்யோவின் செமிகண்டக்டர் பிரிவும் ஆன் செமிகண்டக்டர் என்ற கம்பெனி கைக்குப் போய்விட்டது. ஆள் இல்லாத கடையில் யாருக்கு டீ ஆற்றுவார்கள்? உற்பத்தியை நிறுத்தியவர்கள் மேல் எனக்குக் கோபமே இல்லை. வியாபாரம், சரி.

கோபமெல்லாம் அதற்கப்புறம் முளைத்த கூட்டத்தின் மேல். எங்கோ கழற்றிப் போட்ட இருபது ரூபாய் டிரான்சிஸ்டர்களை எடுக்க வேண்டியது. மேலே இருக்கும் எழுத்தைச் சுரண்டி, கறுப்புப் பூச்சு பூசி, லேசரில் "ஏ1968" என்று புதிதாக எழுத வேண்டியது. கால்களுக்கு ஈயம் பூசிப் பளபளவென்று ஆக்கி, பத்து பத்தாகப் பிளாஸ்டிக் கவரில் போட்டு, "ஒரிஜினல், புத்தம் புதுசு" என்று போர்டு மாட்டி விற்க வேண்டியது. ஆட்டோவுக்குப் பென்ஸ் முத்திரை ஒட்டினால்கூடப் பார்த்தவுடன் தெரிந்துவிடும். இது தெரியாது. அசிட்டோனில் பஞ்சை நனைத்துத் துடைத்தால் சிலதில் பூச்சு கையோடு வந்துவிடும், அது கற்றுக்குட்டிக் களவாணி. கைதேர்ந்தவன் பூசியது அசையாது. ஒருவன் அனுப்பியதில் அச்சடித்திருந்த தேதிக் குறியீடு, கம்பெனி அந்தப் பார்ட்டையே நிறுத்திய பிறகு வரும் தேதி. திருடுகிறவன் அதையாவது சரியாகச் செய்ய வேண்டாமா?

மல்டிமீட்டரில் பார்த்தால் எல்லாம் யோக்கியம்தான். டையோடு டெஸ்ட் 0.6 காட்டும், கெயினும் (எத்தனை மடங்கு பெருக்குகிறது என்ற எண்) காட்டும். மீட்டர் கொடுப்பது இரண்டு மூன்று வோல்ட். அதில் எந்த டிரான்சிஸ்டரும் நல்ல பிள்ளையாகத்தான் இருக்கும். உண்மை தெரிய வேண்டுமென்றால் 800 வோல்ட் சப்ளை எடுத்து, ஒரு மெகா ஓம் ரெசிஸ்டரைத் தொடரில் போட்டு, டிரான்சிஸ்டரின் பேஸை எமிட்டரோடு சேர்த்துக் கட்டி, வோல்டேஜை மெதுவாக ஏற்றி, ரெசிஸ்டரின் இரு முனையிலும் மீட்டரை வைக்க வேண்டும். நல்ல சரக்கு என்றால் 800 வரை போனாலும் ரெசிஸ்டரில் ஏறக்குறைய பூஜ்யம்தான், முழு வோல்டேஜையும் டிரான்சிஸ்டரே தாங்கிக்கொள்கிறது. சமீபத்தில் வந்த பொட்டலத்தில் ஒன்றை மாட்டினேன். 100, 200, 300 வரை மீட்டர் சும்மா இருந்தது. 320 தாண்டியதும் எண் ஓட ஆரம்பித்தது. 800இல் மீட்டர் காட்டியது 480. அதாவது ஐயா 320க்கு மேல் ஒரு வோல்ட்கூடத் தாங்க மாட்டாராம். அடுத்ததும் அப்படியே. அதற்கடுத்தது 260லேயே கையை விரித்துவிட்டது. வைஸில் வைத்து ஒன்றை உடைத்துப் பார்த்தேன். உள்ளே இருந்த சிலிக்கான் துணுக்கு, பழைய போர்டிலிருந்து எடுத்த அசல் டிரான்சிஸ்டரின் உள்ளே இருந்ததற்குச் சம்பந்தமே இல்லாத அளவில், சம்பந்தமே இல்லாத வடிவத்தில் இருந்தது.

"சரி, காசு போச்சு, விடு" என்கிறார்கள். காசு மட்டுமா? இதை நம்பி ஆம்ப்பில் சாலிடர் செய்தவன் கதி என்ன? பவர் போட்டதும் அந்த ஒன்று ஷார்ட் ஆகும், அதன் துணைவன் பின்னாலேயே போகும், கூடவே கரன்ட் சோர்ஸ், இரண்டு ரெசிஸ்டர், போர்டின் செப்புத் தடம் ஒரு இஞ்ச். சப்ளையில் ஒரு 680 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டரை 450 வோல்ட்டில் நிரப்பிப் பாருங்கள்: சுமார் 69 ஜூல். போர்டின் மேல் குனிந்து ப்ரோபைப் பிடித்துக்கொண்டிருக்கும் மனுஷன் முகத்துக்கு அரையடி தூரத்தில் அது வெடித்து இறங்கும். கண்ணாடி போடாதவன் கண்ணை யார் திருப்பித் தருவார்கள்? எண்ணை மாற்றி எழுதுகிறவனுக்கு அது இன்னொரு பொட்டலம்.

நம்ம சென்னை ரிச்சி ஸ்ட்ரீட் எலக்ட்ரானிக்ஸ் கடைகளின் நிலவரம் வேறு ரகம். அங்கே யாரும் ஏமாற்றவில்லை, அதைச் சொல்லியாக வேண்டும். நம்பரைச் சொன்னால் கடைக்காரர் முகத்தைப் பரிதாபமாக வைத்துக்கொண்டு, "சார், இதெல்லாம் இப்போ வர்றதே இல்ல. இது போடுங்க, சூப்பரா ஓடும்" என்று ஒரு 13007 டிரான்சிஸ்டரை நீட்டுவார். நான் கேட்டது பிஎன்பி, அது என்பிஎன். நான் கேட்டது 900 வோல்ட், அது 400. போட்டால் நிஜமாகவே ஓடும், புகையாக. ஆனால் மனுஷன் முகத்துக்கு நேராக "இல்லை" என்றார் பாருங்கள், அந்த நாணயம் ஆன்லைனில் கிடையாது. டிரான்ஸ்ஃபார்மர் சுற்றித் தருபவரும் அப்படித்தான். இரட்டை இன்சுலேஷன் கேட்டால் முணுமுணுத்துக்கொண்டே போட்டுத் தருவார், டெஸ்ட் செய்து காட்டிவிட்டுத்தான் காசு வாங்குவார். கையால் வேலை செய்கிறவனுக்கு இருக்கிற வெட்கம் அது.

ஆன்லைன் கடைக்கு எழுதினேன். முதல் பதில்: "மல்டிமீட்டரில் செக் செய்தீர்களா?" செய்தேன், அது போதாது, இதோ 800 வோல்ட் டெஸ்ட், படத்தோடு. இரண்டாவது பதில்: "பார்சல் பிரிக்கும் வீடியோ அனுப்பவும்." பிரித்தது பார்சல், பழுது சிலிக்கானுக்குள். வீடியோவில் என்ன தெரியும்? மூன்றாவது பதில்தான் உச்சம்: "சாலிடர் செய்த பார்ட்டைத் திரும்ப எடுக்க மாட்டோம்; சாலிடர் செய்யாத பார்ட் பழுது என்று நிரூபிக்க முடியாது." சட்டப் புத்தகத்தில் எழுதிவைக்க வேண்டிய வாக்கியம். வெளிநாட்டிலிருந்து வந்ததற்குக் கட்டிய சுங்க வரி பற்றிக் கேட்கவே வேண்டாம். போலிச் சரக்குக்கு அரசாங்கத்துக்கு அசல் வரி.

நடுவில் ஆலோசகர்கள். "ரெடிமேடாவே வாங்கிடலாமே?" வாங்கலாம், விலையைப் பார்த்துவிட்டுச் சொல்லுங்கள். அப்புறம், கையால் கட்டுவதில் இருக்கிற சுகம் வாங்குவதில் இல்லை என்பதை இவர்களுக்கு விளக்கி என் வாய் வலிக்கிறது. இன்னொருவர், "பழைய டிரான்சிஸ்டரை விடு, சிலிக்கான் கார்பைடுக்கு மாறு" என்கிறார். யோசனை நல்லதுதான். அதில் 1700 வோல்ட் தாங்கும் மாஸ்ஃபெட் ரக டிரான்சிஸ்டரெல்லாம் பெரிய கடைகளில் ஒழுங்காகக் கிடைக்கிறது, அதை வைத்து கில்மோரே கார்பன் என்று ஒரு ஆம்ப் கொடுத்திருக்கிறார். ஆனால் என் மேஜையில் இருப்பது பழைய போர்டு. பார்ட்டை மாற்றினால் போதாது, போர்டு, ஹீட்சிங்க், பெட்டி, எல்லாம் புதிது. அங்கேயும் இன்புட்டுக்கு நல்ல ஜேஃபெட் (இன்னொரு ரக டிரான்சிஸ்டர்) வேண்டும். தொஷிபாவின் 2எஸ்கே170ம் 2எஸ்கே389ம் நின்றுபோய் வருஷக்கணக்காகிறது, அதன் போலிகளோ மழைக்காலத்து ஈசல். அமெரிக்காவில் லீனியர் சிஸ்டம்ஸ் எல்எஸ்கே389 என்று அதற்கு மாற்று செய்கிறது, நிஜமான சரக்கு. அதையும் அவர்களுடைய அதிகாரப்பூர்வ விற்பனையாளரிடம் வாங்கினால் மட்டும்.

கடைசியாக அந்தக் கடையிலிருந்து நேற்று ஒரு மெயில். பணம் திரும்ப வராதாம். "உங்கள் அதிருப்திக்கு வருந்துகிறோம்" என்று அடுத்த ஆர்டருக்குப் பத்து சதவீதத் தள்ளுபடிக் கூப்பன். அதன் கீழே, "உங்களுக்குப் பிடிக்கலாம்" என்ற தலைப்பில், அதே ஏ1968, பத்து கொண்ட பொட்டலம், ஐந்து நட்சத்திரம். அந்த நட்சத்திரத்தைப் போட்ட மகராசர்கள் அதை மல்டிமீட்டரில்தான் செக் செய்திருப்பார்கள்.