படைவீரர் இல்லம் யாருடைய இலவசமும் அல்ல

கடந்த ஞாயிற்றுக்கிழமை எங்கள் நகர் நலச் சங்கக் கூட்டத்தில் நடந்ததைப் பலரும் காணொளியில் பார்த்துவிட்டீர்கள். ஆகவே மறுபடி விவரிக்கப் போவதில்லை. வயதான முன்னாள் படைவீரர்களுக்குக் கடலூரில் ஓர் இல்லம் கேட்கும் மனுவை நான் நீட்டியபோது, "பென்ஷன் வருகிறது, இராணுவக் கேன்டீன் இருக்கிறது, இலவச வீடு வேறா?" என்று ஒருவர் கேட்டதைவிட, அதற்கு எழுந்த கைதட்டல்தான் என்னை வருத்தியது.

இலவசம் அல்ல ஐயா, நாம் தீர்க்க வேண்டிய கடன். பாரிசில் பதினான்காம் லூயி 1670இல் உத்தரவிட்டுக் கட்டிய இன்வலீத் மாளிகையில் 1674இலேயே வீரர்கள் குடியேறினார்கள். லண்டனில் இரண்டாம் சார்லஸ் தொடங்கிய செல்சி இல்லம் 1692இல் திறந்தது. அதன் செலவுக்குச் சிப்பாய்களின் சம்பளத்திலிருந்தே பணம் பிடிக்கப்பட்டது. வாஷிங்டனில் 1851இல் உருவான இல்லத்துக்கும் மாதம் 25 சென்ட் பிடித்தார்கள். தன் சம்பளத்தில் எழும்பிய கூரையின் கீழ் ஒருவன் படுத்தால், அவனுக்கு யார் என்ன தானம் செய்துவிட்டார்கள்?

"அந்த மன்னர்கள் கருணையாலா கட்டினார்கள், ஊனமுற்ற சிப்பாய்கள் தலைநகர வீதியில் பிச்சையெடுப்பது அசிங்கம் என்றுதானே கட்டினார்கள்?" என்று வரலாறு படித்த நண்பர் ஒருவர் நிச்சயம் கேட்பார். இருக்கட்டும். அவர்களுக்கு அந்த வெட்கமாவது இருந்தது. நம் கடலூர் தேவனாம்பட்டினம் கோட்டையில் அதிகாரம் செய்த கிழக்கிந்தியக் கம்பெனியின் கிளைவ்கூட, வங்காள நவாப் மீர் ஜாபர் விட்டுச்சென்ற பணத்தைக் கொண்டு 1770இல் கம்பெனிப் படையில் உடல் நலிந்தவர்களுக்கு ஒரு நிதி வைத்தார். கிளைவுக்கு நான் பரிந்து பேச வேண்டிய நிலைமையைப் பாருங்கள்.

பென்ஷன் வாதத்துக்கும் பதில் உண்டு. செல்சியில் தங்குபவர் தம் இராணுவ ஓய்வூதியத்தை இல்லத்துக்கே விட்டுக்கொடுக்கிறார். இங்கும் அப்படி வைத்தால் மறுக்கிறவர்கள் அதிகம் இருக்க மாட்டார்கள். இந்தியாவில் இல்லமே இல்லையா என்றால், இருக்கிறது: 1974இல் புனே அருகே கட்கியிலும் 1978இல் பஞ்சாபின் மொகாலியிலும் முதுகுத்தண்டு அடிபட்டவர்களுக்காகத் தொடங்கியவை. அருமையான பணி. ஆனால் குண்டடி படாமல் வெறுமனே வயதாகிவிட்டவனுக்கு அங்கே இடம் இல்லை. படைவீரர்களுக்கான சைனிக் ஓய்வு விடுதியோ சில நாள் தங்குவதற்கு.

என் அப்பாவோடு ஒரே ரெஜிமெண்டில் இருந்த பெரியப்பா ஒருவர் புதுப்பாளையத்தில் ஒற்றை அறையில் வாடகைக்கு இருக்கிறார். பெரியம்மா போய்விட்டார், மகன் பெங்களூரில். மகனைக் குறை சொல்ல மாட்டேன், அவன் வீட்டில் இடமில்லை. விடியற்காலையில் எழுந்து முகம் மழித்து, சட்டைக்கு இஸ்திரி போட்டு உடுத்திக்கொண்டு, பேசுவதற்கு ஆளில்லாமல் நாற்காலியில் அமர்ந்திருக்கிறார். முதியோர் இல்லத்தில் சேர்த்துப் பார்த்தோம். லடாக் குளிரைப் பற்றி அவர் சொல்லத் தொடங்கினாலே அங்கிருந்தவர்கள் தொலைக்காட்சியின் ஒலியைக் கூட்டினார்களாம். தாமே திரும்பி வந்துவிட்டார். அவருக்குத் தேவை பளிங்கு மாளிகை அல்ல, அதே குளிரில் நின்ற நான்கு பேர்.

இதைப் பக்கத்துப் புதுச்சேரிக்காரர்களிடம் விளக்க வேண்டியதில்லை. பிரெஞ்சுப் படையில் இருந்த சொல்தாக்கள் சேர்ந்து அமர லால்பகதூர் சாஸ்திரி வீதியில் ஓர் இடம் இருக்கிறது. முதல் உலகப் போர் ஓய்ந்த நாளான நவம்பர் 11 அன்று கடற்கரைச் சாலைப் போர் நினைவிடத்தில் மலர்வளையம் வைக்கிறார்கள். அந்நிய நாட்டுக்காகப் போனவர்களுக்கு அந்த மரியாதை. நம் கொடிக்காக நின்றவருக்கு டிசம்பர் 7 கொடிநாளில் சட்டையில் ஒரு காகிதக் கொடி, மாலையில் அதுவும் குப்பைத்தொட்டியில்.

"விவசாயிக்கும் துப்புரவுப் பணியாளருக்கும் இல்லம் இருக்கிறதா?" என்பது நியாயமான கேள்வி, அவர்களுக்கும் கேளுங்கள், முதல் கையெழுத்து என்னுடையது. ஆனால் அதைக் கேட்டவர்கள் எவரும் அவர்களுக்காகவும் இதுவரை ஒரு மனு எழுதியதில்லை.

"குடித்துவிட்டுச் சண்டை போடுவார்கள்" என்று பின்வரிசையிலிருந்து ஒரு குரல் வந்ததே, அதற்கு மட்டும் பொறுமையாகப் பதில் சொல்ல எனக்கு வரவில்லை. பெரியப்பா தொடுவதே இல்லை. மலிவு விலையில் மது வாங்கித்தரும் அவருடைய கேன்டீன் அட்டையை மறக்காமல் நினைவு வைத்திருந்து, தீபாவளிக்கு முந்தைய வாரம் மட்டும் அவரை நலம் விசாரிக்க வருகிறவர்களில் நான்கைந்து பேர் அன்று முன்வரிசையில் அமர்ந்து கைதட்டினார்கள். பெயர்களை இங்கே எழுதப் போவதில்லை.