25 கோடி கணக்கு தப்பு

"எம்.பி.க்கு வருஷம் 5 கோடி, அஞ்சு வருஷத்துக்கு 25 கோடி கையில வாங்கிட்டு ஒரு நிழற்குடைதான் கட்டினார்" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். 2019-24 எம்.பி.களைப் பற்றிய பேச்சு என்பதால் ஒரு திருத்தம்.

முதலில், அது எம்.பி. தொகுதி மேம்பாட்டு நிதி; அந்தப் பணம் எம்.பி. கைக்கு வராது. இன்ன இடத்தில் இன்ன வேலை என்று அவர் பரிந்துரைக் கடிதம் கொடுப்பார், அவ்வளவுதான். மதிப்பீடு போடுவது, அனுமதி, டெண்டர், பில் பட்டுவாடா எல்லாம் மாவட்ட நிர்வாகத்தின் வேலை. நிழற்குடையில் எம்.பி. பெயரைத்தான் பெரிதாக எழுதுவார்கள், அதனால் வருகிற குழப்பம் இது.

அப்புறம் 25 கோடியும் இல்லை. கொரோனா காரணமாக 2020 ஏப்ரலில் மத்திய அரசு இந்த நிதியை நிறுத்தியது. 2020-21க்கு ஒரு பைசா கிடையாது. 2021 நவம்பரில் திரும்பக் கொடுத்தபோதும் அந்த ஆண்டின் மீதிக்கு 2 கோடிதான். மற்ற மூன்று ஆண்டுகளுக்கு 15 கோடி. ஆக மொத்தம் 17 கோடி.

அந்த 17 கோடிக்கு எதையெல்லாம் பரிந்துரைத்தார் என்று கேளுங்கள், அது நியாயமான கேள்வி. நானும் கேட்பேன்.