சக்கரத்துக்குக் கீழே ஒரு பேரேடு

பழைய டச்சுக் குறியீட்டுப் படங்களைப் பற்றி யார் எழுதினாலும் அகராதி மாதிரி எழுதிவிடுகிறார்கள். சோப்புக் குமிழியா, நிலையாமை. மண்டையோடா, மரணம். நரிவாலா, தந்திரம். அவ்வளவுதான், ஆளை விட்டால் போதும் என்று அடுத்த படத்துக்குப் போய்விடுகிறார்கள். படத்தைச் செதுக்கியவர் எந்தப் பொருளை எங்கே வைத்தார் என்று பார்க்காமல் இந்தப் படங்களைப் படிக்கவே முடியாது என்பது என் கட்சி.

1720-இல் பெர்னார் பிக்கார் ஆம்ஸ்டர்டாமில் செப்புத் தகட்டில் செதுக்கியதைப் பாருங்கள். (பாரிஸ்காரர். பின்னாளில் இந்துக்களின் சடங்குகளையும் விடாமல் செதுக்கிய அதே பிக்கார்தான்.) அந்த வருஷம்தான் பிரான்ஸின் மிசிசிப்பி கம்பெனி, இங்கிலாந்தின் சவுத் சீ கம்பெனி என்ற இரண்டு வணிகக் கம்பெனிகளின் பங்குகள் ஏறிய வேகத்தில் கவிழ்ந்தன. ஹாலந்திலும் அதே பித்து. டச்சுக்காரர்கள் அதற்கு வைத்த பெயர் 'விண்ட்ஹாண்டெல்', காற்று வியாபாரம்.

படத்தில் ஒரு தேர். அதிர்ஷ்ட தேவதை பங்குப் பத்திரங்களை வாரி இறைக்கிறாள். தேரோட்டி, மடமை. இழுப்பவர்கள் கம்பெனிகளேதான், மனித உருவில். மிசிசிப்பிக்கு ஒரு கால் மரக்கால். சக்கரத்தின் ஆரங்களில் கம்பெனிப் பெயர்கள், சுழலச் சுழல மேலே இருந்தது கீழே வரும். சுழற்றிவிடும் ஏஜெண்டுகளுக்கு நரிவால். மேகத்தில் பிசாசு ஒன்று குமிழி ஊதிக்கொண்டிருக்கிறது.

அகராதிக்காரர்களுக்கு இதுவே விருந்து. ஆனால் கூட்டத்தின் கண்களைக் கவனியுங்கள். ஆணும் பெண்ணுமாக எல்லாரும் அண்ணாந்து பத்திரத்துக்குக் கையேந்துகிறார்கள். அதே நேரம் கீழே, சக்கரத்தடியில், உண்மையான வணிகம் தன் பேரேடுகளோடு நசுங்கிக் கிடக்கிறது. அதைப் பார்க்க அவர்களில் ஒருவருக்கும் நேரமில்லை. வெளியே நிற்கும் நமக்கு மட்டும் தெரிகிற மாதிரி வைத்திருக்கிறார் மனுஷன். பின்னால், பங்கு வியாபாரம் நடந்த காபிக் கடை ஒன்று. இன்னொரு பக்கம் மூன்று வாசல்கள்: ஆஸ்பத்திரி, பைத்தியக்கார விடுதி, ஏழைகள் விடுதி.

ஒன்பது வருஷம் முன்பு, 1711-இல், யான் லாய்க்கன் என்ற டச்சுக் கவிஞர், இவரும் படம் செதுக்குகிறவர்தான், வீட்டுச் சாமான்களை வைத்தே ஒரு புத்தகம் போட்டார். ஒரு தலைப்பு, ஒரு படம், கீழே பாட்டு. அமைதியான பாடம். பிக்காரிடம் அந்த அமைதி இல்லை. சந்தை இரைச்சல்தான். எனக்கு இரைச்சல் பிடித்திருக்கிறது.

பிக்காரின் படத்தையும் சேர்த்து, அந்த வருஷக் கேலிப் படங்களைத் தொகுத்து 'மடமையின் பெருங்காட்சி' என்று ஒரு பெரிய புத்தகம் வந்தது. பாதிக்கு மேல் சுமார் ரகம். பழைய தகடுகளைத் தட்டிக்கொட்டிப் புதிதாக்கியவையும் உண்டு. முகப்பில் 'வருங்காலத்தவருக்கு எச்சரிக்கையாக அச்சிடப்பட்டது' என்று இருக்கிறது. பதிப்பாளர் பெயரைத்தான் காணோம். காற்று வியாபாரத்தைத் திட்டிய அந்தப் புத்தகம் மறுபடி மறுபடி அச்சாகி விற்றிருக்கிறது.