கன்ட்ரோலரைக் கீழே வைத்த பிறகு

ஸ்பாய்லர் உண்டு. ‘தி லாஸ்ட் ஆஃப் அஸ்’ வீடியோ கேம், அதிலிருந்து எடுத்த சீரீஸ் இரண்டின் முடிவைப் பற்றியும் பேசப் போகிறேன். விளையாடாதவர்களும் பார்க்காதவர்களும் இதை அப்புறம் படித்துக்கொள்ளலாம்.

2013-ல் வந்த அந்த கேமின் கடைசிக் கட்டம் ஒரு மருத்துவமனை. ஜோயல் நாம் இயக்கும் பாத்திரம், எல்லி அவன் நெடுந்தூரம் கூட்டி வந்த சிறுமி. அவள் மயக்கத்தில் மேசை மேல் கிடக்கிறாள். அவளுக்கும் ஜோயலுக்கும் நடுவே ஒரு டாக்டர், கையில் அறுவைக் கத்தியோடு. அந்த அறுவை நடந்தால் அவள் பிழைக்க மாட்டாள். முதல் தடவை அந்த அறைக்குள் நுழைந்தபோது நான் எதுவும் செய்யாமல் நின்றேன். அவர் ஒதுங்கிவிடுவார் என்று நினைத்தேன். ஒதுங்கவில்லை. கேமும் நகரவில்லை. நான் பட்டனை அழுத்தாமல் அங்கே எதுவுமே நடக்காது என்று புரியக் கொஞ்ச நேரம் பிடித்தது. அப்புறம் அழுத்தினேன். ‘ஜோயல் கொன்றான்’ என்று இன்றுவரை என்னால் சொல்ல முடியவில்லை. கொன்றது நான்.

ஒரு கேமைப் படமாக எடுக்கிறார்கள் என்று செய்தி வரும்போதெல்லாம் எனக்கு இந்த அறைதான் ஞாபகம் வரும். யார் ஹீரோ, உடை அதே மாதிரி இருக்குமா என்பதெல்லாம் இரண்டாம்பட்சம். கன்ட்ரோலரைக் கீழே வைத்துவிட்டுச் சும்மா உட்கார்ந்து பார்க்கப் போகிறவனுக்கு, கையால் செய்த அந்தக் காரியத்தை எப்படிக் கொடுக்கப் போகிறார்கள்? இதை யோசித்தவர்கள் ஜெயித்திருக்கிறார்கள், யோசிக்காதவர்கள் என்ன செலவழித்தும் தோற்றிருக்கிறார்கள் என்பது என் கருத்து.

நம் ரசிகர் கூட்டத்தில் எப்போதும் கேட்கிற குறை, ‘கதையை மாற்றிவிட்டார்கள்’ என்பது. எனக்கு அதில் உடன்பாடு இல்லை. 2023-ல் வந்த சீரீஸின் மூன்றாவது எபிசோடையே எடுத்துக்கொள்ளுங்கள். கேமில் பில் என்பவன் தனியாக வாழும் கசந்துபோன மனிதன். முன்பு அவனோடு இருந்த ஃப்ராங்க் தூக்கில் தொங்கும் பிணமாகத்தான் நமக்கு அறிமுகமாகிறான், பில்லை வெறுத்து எழுதிய ஒரு கடிதத்தோடு. சீரீஸில் அது தலைகீழ். இரண்டு பேரும் சேர்ந்தே முதுமை அடைகிறார்கள். ஃப்ராங்க் ஒரு துப்பாக்கியைக் கொடுத்து ஸ்ட்ராபெரி விதை வாங்கியிருப்பான். பல வருடம் கழித்து முதல் பழத்தைக் கடித்ததும், அந்த முரட்டு பில் சின்னப் பையன் மாதிரி சிரித்துவிடுவான். கேமில் இந்தக் காட்சி இல்லவே இல்லை. ஆனால் சீரீஸில் பில் சாகும்முன் ஜோயலுக்கு ஒரு கடிதம் எழுதி வைக்கிறான். ஒரே ஒருவரைக் காப்பாற்றத்தான் நம்மைப் போன்ற ஆட்கள் இருக்கிறோம் என்பது அதன் சாரம். அந்த வரியிலிருந்து கடைசி எபிசோடின் மருத்துவமனைக்கு நேராக ஒரு பாதை போகிறது. கேமில் எல்லியோடு மணிக்கணக்காக நடந்து எனக்குள் சேர்ந்த பிடிப்பை, இங்கே ஒரு கடிதம் தாங்குகிறது. கதை மாறியிருக்கிறது, ஆனால் கனம் குறையவில்லை. கேமை உருவாக்கிய நீல் ட்ரக்மன், சீரீஸைச் சேர்ந்து உருவாக்கிய கிரேக் மேசினோடு உட்கார்ந்து செய்த மாற்றம் என்பதால் எதைத் தொடலாம், எதைத் தொடக் கூடாது என்று தெரிந்திருக்கிறது.

இதற்கு நேர்மாறான உதாரணம் ‘ரெசிடென்ட் ஈவில்’ என்ற திகில் கேமும் அதன் படங்களும். 1996-ல் வந்த முதல் கேமை விளையாடியவர்களுக்கு அந்தப் பயம் எங்கிருந்து வந்தது என்று தெரியும். தோட்டாக்களை எண்ணி எண்ணிச் சுட வேண்டும். கேமைச் சேமிக்க ஒரு டைப்ரைட்டர், அதற்கு மை ரிப்பன் வேண்டும், ரிப்பனும் கொஞ்சம்தான் கிடைக்கும். ஒவ்வொரு அறைக்கும் முன்னால் இருட்டில் ஒரு கதவு மட்டும் மெதுவாகத் திறக்கும். உண்மையில் அது லோடிங் நேரத்தை மறைக்கச் செய்த வேலை. ஆனால் அந்தச் சில நொடிகளில் வயிறு சுருங்கும். பற்றாக்குறைதான் அந்த கேமின் உயிர். 2002-ல் தொடங்கிய படங்களில் கேமிலேயே இல்லாத ஆலிஸ் என்ற நாயகி வந்தாள். புதுப் பாத்திரம் வந்ததில் எனக்கு வருத்தமே இல்லை, மில்லா ஜோவோவிச் முழு மனதோடு நடித்திருந்தார். ஆனால் படத்துக்குப் படம் அவளுக்குச் சக்தி கூடிக்கொண்டே போனது. இல்லாமையில் பிறந்த பயத்தை எடுத்துவிட்டு, எல்லாம் இருக்கிற ஒரு நாயகியை வைத்தார்கள். ஆறு படம் வந்துவிட்டது, ரசித்தவர்களும் நிறைய. எனக்கு அந்தக் கதவு ஒரு தடவைகூடத் திறக்கவில்லை.

2023-ன் மரியோ படம் 130 கோடி டாலருக்கு மேல் வசூலித்தது. பார்க்கப் பளிச்சென்று இருந்தது. ஆனால் பெரும்பாலும் ‘இதோ பார், உனக்குத் தெரிந்த காளான், உனக்குத் தெரிந்த குழாய்’ என்று காட்டிக்கொண்டே போகிறது. மரியோ என்றால் தாவல். 1985-ன் முதல் கேமிலேயே பட்டனை எவ்வளவு நேரம் அழுத்துகிறோமோ அவ்வளவு உயரம் போவான். விரலுக்கும் அவன் உடம்புக்கும் இருக்கும் அந்த உறவுக்காகத்தான் நாற்பது வருடமாக விளையாடுகிறோம். படத்தில் இளவரசி பீச் அவனுக்கு வைக்கும் பயிற்சியில் அவன் விழுந்து விழுந்து எழுவானே, அங்கே மட்டும் எனக்கு அது தெரிந்தது. அந்தக் காட்சி இன்னும் நீண்டிருக்கலாம்.

இந்த உணர்வை நான் பார்த்ததிலேயே நன்றாகப் பிடித்தது எந்த கேமையும் தழுவாத ஒரு படம்: 2014-ல் வந்த ‘எட்ஜ் ஆஃப் டுமாரோ’. ஒரு ஜப்பானிய நாவலிலிருந்து எடுத்தது. டாம் குரூஸ் செத்து எழுவார், மறுபடி செத்து எழுவார், ஒவ்வொரு தடவையும் ஓர் அடி கூடப் போவார். எதிரி எங்கிருந்து பாய்வான் என்று உடம்பே மனப்பாடம் செய்துகொள்ளும். விளையாடியவர்களுக்கு அது அப்படியே தெரியும்.

ஃப்ரான்சைஸ் படங்கள், அதாவது பாகம் பாகமாக நீளும் படங்கள் மேல் எனக்குள்ள கோபமும் இதோடு சேர்ந்ததுதான். கேமிலிருந்து எடுத்த 2016-ன் ‘வார்கிராஃப்ட்’ படம் அடுத்தடுத்த பாகங்களை மனதில் வைத்துக் கதவுகளை எல்லாம் திறந்து வைத்துவிட்டு முடிந்தது. அடுத்த பாகம் வரவே இல்லை. அதில் வரும் ஓர்க் தலைவன் டுரோட்டானின் குழந்தை கூடையில் ஆற்றோடு போனது போனதுதான். 2008-ன் ‘அயர்ன் மேன்’ படத்தைப் பாருங்கள். கடைசித் துணுக்குக் காட்சியை வெட்டி எறிந்தாலும் அது முழுப் படம். முதலில் ஒரு படத்தை ஒழுங்காக முடிக்கட்டும், அப்புறம் உலகத்தைக் கட்டலாம்.

2023 நவம்பரில் ‘செல்டா’ கேமைப் படமாக எடுப்பதாக அறிவித்தார்கள். வெஸ் பால் இயக்குகிறார். அந்த அறிவிப்பைப் படித்த நாளிலிருந்து எனக்கு ஒரே ஓர் ஆசை. 2017-ல் வந்த செல்டா கேமின் தொடக்கத்தில் நாயகன் லிங்க் குகையிலிருந்து ஓடி வந்து பாறை விளிம்பில் நிற்பான். எதிரே அந்தக் கதையின் நாடான ஹைரூல் முழுக்க விரிந்து கிடக்கும். பேச்சு கிடையாது, எங்கே போக வேண்டும் என்று அந்தக் கணத்தில் யாரும் சொல்வதில்லை. நான் நெடுநேரம் கன்ட்ரோலர் குச்சியை நகர்த்தாமல் அப்படியே பார்த்துக்கொண்டிருந்தேன். படத்திலும் அவனை அங்கே நிற்க விடுங்கள். பக்கத்தில் யாரையும் அனுப்பிப் பேச வைக்காதீர்கள். ஒரு நிமிடம், முழுசாக ஒரு நிமிடம், காற்று மட்டும் இருக்கட்டும்.