‘ஃபால்ஸ் நைன்’ 2009-இல் பிறந்த உத்தி அன்று

கால்பந்தில் நடு முன்கள ஆட்டக்காரர் பின்வாங்கி ஆடும் ‘ஃபால்ஸ் நைன்’ உத்தியை, 2009-இல் பார்சிலோனா பயிற்சியாளர் குவார்டியோலாதான் மெஸ்ஸிக்காகக் கண்டுபிடித்தார் என்று வாட்ஸ்அப்பில் சுற்றிவரும் செய்தி தவறானது.

அவ்வாண்டு மே 2 அன்று ரியல் மாட்ரிட்டை 6-2 என வீழ்த்திய ஆட்டத்தில் மெஸ்ஸி அவ்வாறு ஆடியது உண்மையே. ஆனால், 1953 நவம்பர் 25 அன்று வெம்பிளியில் இங்கிலாந்தை 6-3 என வென்ற ஹங்கேரி அணியில், முன்கள மையத்தில் நிற்பார் என எதிர்பார்க்கப்பட்ட ஹிதேகுட்டி நடுக்களத்துக்கு இறங்கி ஆடியதால், அவரைப் பின்தொடர்வதா, தம் இடத்தைக் காப்பதா என்று தெரியாமல் மையத் தடுப்பாட்டக்காரர் ஹாரி ஜான்ஸ்டன் திணறினார். ஹிதேகுட்டி மட்டுமே மூன்று கோல்கள் அடித்தார். இத்தாலியின் ரோமா அணி ஆட்டக்காரர் டோட்டியும் மெஸ்ஸிக்கு முன்னரே இப்படி ஆடியவர்தான்.

வெம்பிளி ஆட்டத்தின் செய்திப்படம் பிரிட்டிஷ் பாதே காப்பகத்தில் உள்ளது, பார்த்துச் சரிபார்க்கலாம். அச்செய்தியை மேலும் பகிர வேண்டாம்.