செட்சி ஈ மேல் முழுப் பழியையும் போடாதீர்கள்

பள்ளியில் விலங்கியல் படித்தவர்களுக்கு இந்த வரி ஞாபகம் இருக்கும்: ஆப்பிரிக்க தூக்க வியாதியைப் பரப்புவது செட்சி ஈ. ஒரு மார்க் கேள்விக்கு அது போதும். நானும் அதை அப்படியே மனப்பாடம் செய்தவன்தான். அந்த ஈ என்றாலே நோய் மூட்டை என்று பல வருஷம் நினைத்துக்கொண்டிருந்தேன்.

விஷயம் கிட்டத்தட்ட தலைகீழ். தூக்க வியாதி இருக்கிற பகுதியிலேயே நூறு ஈயைப் பிடித்து உமிழ்நீர்ச் சுரப்பியைப் பிரித்துப் பார்த்தாலும், மனிதனுக்கு நோய் தரும் டிரிப்பனோசோமா என்ற ஒட்டுண்ணி ஒன்றில்கூட இல்லாமல் போகலாம். உள்ளே போகிற ஒட்டுண்ணியில் பெரும்பகுதியை அந்த ஈயே கொன்றுவிடுகிறது.

ரத்தம் குடித்ததும் ஈயின் குடலுக்குள் கைட்டினால் ஆன மெல்லிய உறை ஒன்று ரத்தத்தைச் சுற்றி நிற்கும். ஒட்டுண்ணி அதைத் தாண்டியாக வேண்டும். தாண்டினால் அட்டாசின் போன்ற புரதங்கள் காத்திருக்கின்றன. அட்டாசின் மரபணுவை ஆய்வகத்தில் முடக்கிப் பார்த்தபோது, முன்பைவிட அதிக ஈக்களில் ஒட்டுண்ணி தங்கிவிட்டது. கூட்டுப்புழுவிலிருந்து அப்போதுதான் வெளிவந்த ஈக்கு அந்த உறை முழுதாக உருவாகியிருக்காது. அதனால் அது குடிக்கும் முதல் ரத்தத்தில்தான் ஆபத்து அதிகம். பிறகு, பட்டினி கிடந்த ஈயிலும்.

என்னை அசரவைத்தது இன்னொன்று. செட்சி ஈ முட்டையிடுவதில்லை. ஒரு தடவைக்கு ஒரே ஒரு புழுவை வயிற்றுக்குள் வைத்து, பால் கொடுத்து வளர்த்துத்தான் வெளியே விடும். அந்தப் பாலோடு விகிள்ஸ்வொர்த்தியா என்ற பாக்டீரியாவும் பிள்ளைக்குப் போகிறது. அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தில் செராப் அக்சாயின் குழு, அந்த பாக்டீரியா இல்லாத ஈக்களை வளர்த்துப் பார்த்தது. குடல் உறை சரியாக உருவாகவில்லை, ரத்த அணுக்களும் குறைந்துபோயின, ஒட்டுண்ணி சுலபமாகக் குடியேறிவிட்டது. தாய்ப்பாலில் வந்த கிருமிதான் பிள்ளையின் எதிர்ப்பு சக்தியையே வளர்த்துவிடுகிறது என்றால், இதை வெறும் ஈ சமாச்சாரம் என்று ஒதுக்க முடியுமா?

1998இல் 40,000 பேரை நெருங்கியிருந்த தூக்க வியாதி, 2018இல் ஆயிரத்துக்கும் கீழே வந்துவிட்டது. கிராமம் கிராமமாகப் போய் ரத்தம் எடுத்துப் பார்த்தவர்களும், ஈயைக் கொல்ல ஆற்றோரம் பூச்சிமருந்து தோய்த்த நீலத் துணி கட்டியவர்களும் செய்த வேலை அது. அவர்களைக் கையெடுத்துக் கும்பிடலாம். ஆனால் நோய்தான் குறைந்துவிட்டதே, ஈயின் குடலை ஏன் இன்னும் ஆராய வேண்டும் என்று கேட்பவர்களோடு எனக்கு உடன்பாடே இல்லை. ஒட்டுண்ணி காட்டு விலங்குகளிடம் இருந்துகொண்டேதான் இருக்கிறது. மாடுகளுக்கு வரும் நாகனா இன்னும் உழவர்களின் மாட்டைக் கொல்கிறது. அதே ஈக்குள் வாழும் சோடாலிஸ் என்ற இன்னொரு பாக்டீரியாவை வெளியே வளர்க்க முடியும். ஒட்டுண்ணியைத் தடுக்கும் புரதத்தை அதைக்கொண்டே ஈக்குள் சுரக்கவைக்க முயற்சி நடக்கிறது. ஈயின் உடம்பைப் புரிந்துகொள்ளாமல் இந்த யோசனையே பிறந்திருக்காது.

இங்கே விலங்கியல் ஆசிரியர்கள் சிலர் இருக்கிறீர்கள். அடுத்த முறை அந்த ஒரு வரியை நடத்தும்போது, பெரும்பாலான செட்சி ஈக்கள் நோயைப் பரப்புவதில்லை, ஏன் என்று பிள்ளைகளிடம் ஒரு கேள்வி கேளுங்கள்.